பிளக் என் கையில் இருந்தது

என் வீட்டுக்காரர் என்னைத் தொடைநடுங்கி என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அது சுத்தப் பொய். முதலை கிடக்கிறது என்று சொல்லப்பட்ட மூவார் ஆற்றைத் தோணியில் கடந்திருக்கிறேன். சமைக்கிற குசினிக்குள் வந்த பாம்பை விளக்குமாற்றால் விரட்டியிருக்கிறேன். செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, விடியுமுன் இருட்டோடு இருட்டாக அம்மாவுடன் பால்மரக் காட்டுக்குப் போய் வளர்ந்தவள் நான். கண்ணுக்குத் தெரிகிற எதற்கும் நான் நடுங்கியதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் கம்பிக்குள் இருந்துகொண்டு ஆளைக் கொல்கிற ஒன்றை நடுவீட்டில் கொண்டுவந்து வைத்து, இதற்குப் பயப்படாதே என்றால் அது என்ன நியாயம்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது இது. மூவாரில் ஆற்றை ஒட்டிய தெருவில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். அவர் ரப்பர் கிடங்கில் எடை பார்த்துக் கணக்கு எழுதும் கிராணி. அவருடைய அக்கா, கணவரை இழந்தவர், எங்களோடு இருந்தார். வேறு யாரும் கிடையாது. எனக்கு மசக்கை தீர்ந்து வயிறு மேடு தட்டத் தொடங்கியிருந்த நேரம்.

அவருக்குப் பாட்டுப் பைத்தியம். சோறு இல்லாவிட்டால்கூடச் சமாளிப்பார், பாட்டு இல்லாமல் இருக்க மாட்டார். கையால் சாவி கொடுக்கிற கிராமபோன் ஒன்று வைத்திருந்தார். அதன் சத்தம் முன்னறையைத் தாண்டாது என்பது அவருடைய மனக்குறை. ஐஸ் தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் சீமைக்குக் கப்பலேறப் போகிறார் என்று கேள்விப்பட்டு, அவரிடமிருந்த ஆம்ப்ளிஃபயரைப் பேசி முடித்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னார். சொன்னார் என்பதுகூடத் தப்பு. வண்டி வாசலில் வந்து நின்றது, அவ்வளவுதான்.

ஒரு மரப்பெட்டி. அதற்குள் இரும்புத் தட்டு, தட்டின்மேல் வரிசையாகக் கண்ணாடி வால்வுகள். தனியாக ஒரு லவுட்ஸ்பீக்கர். கிராமபோன் ஊசி எடுக்கிற சத்தத்தை இந்தப் பெட்டி பெரிதாக்கி லவுட்ஸ்பீக்கருக்கு அனுப்பும். சுவிட்சைப் போட்டால் உடனே பாடாது. வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்து, சூடேறி, ஓர் உறுமல் வரும். அதற்குப் பிறகுதான் பாட்டு. அந்த உறுமலைக் கேட்டாலே நான் குசினிக்குள் போய்விடுவேன்.

எஞ்சினியரே வந்து பூட்டிக் கொடுத்தார். நல்ல மனிதர், மலாய் சரளமாகப் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். லவுட்ஸ்பீக்கர் கம்பியை மாட்டாமல் சுவிட்சைப் போடாதே. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதே, பின்னால் காற்று ஓட வேண்டும். ஈரக்காலோடு கிட்டப் போகாதே, பலகைமேல் நில். ஏதாவது தொட வேண்டியிருந்தால் ஒரு கையால் தொடு, இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள். கடைசியாகப் பெட்டியின் பின்மூடியைக் காட்டி, இதைத் திறக்கவே திறக்காதே, திறந்தால் மாத்தி என்றார். மலாயில் மாத்தி என்றால் சாவு. அவர் அதைச் சிரிக்காமல் சொன்னார். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

எனக்கு என்ன பயம் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். இவர் செத்துவிடுவாரோ என்ற பயம். வேறொன்றுமில்லை. வயிற்றில் பிள்ளையோடு நான் திரும்பவும் தோட்டத்துக் கூலிக்காரர் லயத்துக்குப் போய் நிற்பேன். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கல்யாணமாகி வந்த புதிதில் பேச்சே வராமல் மூலையில் உட்கார்ந்திருந்தவளைப் பேச வைத்து, சண்டை போட வைத்து, சிரிக்க வைத்த மனிதர். அவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் கிடங்குக்குப் போயிருக்கும்போது அந்தப் பெட்டியைப் பார்த்து, நாசமாய்ப் போக என்று வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன்.

முதல் வாரமே ஒரு கூத்து. நாத்தனாருக்கு எதையும் மூடி வைக்க வேண்டும். தையல் மெஷினுக்கு ஓர் உறை, தண்ணீர்ப் பானைக்கு ஓர் உறை என்று நூலில் பின்னிப் போட்டிருந்தார். பெட்டிக்கும் ஒன்று பின்னினார். தூசி படக்கூடாதாம். அன்று பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே உறையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கருகுகிற நாற்றம். நான் கூப்பாடு போட்டதில் என் வீட்டுக்காரர் ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். உறையின் நடுவில் பழுப்பாக ஒரு வட்டம். அவர் அந்த வட்டத்துக்குள் விரலை விட்டு ஆட்டிக்கொண்டு, நல்லவேளை, தோசை கருகவில்லை என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அவரோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு சட்டம் போட்டேன். பெட்டியில் அவர் எதைத் தொடுவதாக இருந்தாலும், முதலில் நான் போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவேன். அவர் வேலை முடியும்வரை அது என் கையில் இருக்கும். அதை என் கையில் பிடித்திருக்கும் நேரத்தில் மட்டுந்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. கம்பி வழியாகத்தானே வருகிறது, கம்பியே என் பிடிக்குள் இருந்தால் அது எங்கே போகும்? அவரும் சரி என்றார். தாலி கட்டியபோதுகூட இவள் என்னை இவ்வளவு இறுக்கிப் பிடிக்கவில்லை என்று நாத்தனாரிடம் கேலி பேசினார்.

ஆயுத பூஜை வந்தது. கிடங்கில் முந்தின நாளே தராசுக்கு மாலை போட்டு, இரண்டு தட்டுக்கும் தண்டுக்கும் பொட்டு வைத்துப் படைத்துவிட்டு வந்தார். வீட்டில் மறுநாள் காலை. நாத்தனார் முன்னறையைக் கழுவிவிட்டு, வாழையிலை விரித்து, அரிவாள்மணை, கத்தரிக்கோல், தம்பியின் பேனா எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினார். தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தாயிற்று. அடுத்தது பெட்டி.

பெட்டியின் முகத்தில் ஒரு பொட்டு வைத்தால் போதும் என்றேன் நான். நாத்தனார் ஒப்புக்கொள்ளவில்லை.

"வெளிய இருக்கறது வெறும் மரம் புள்ள. வேல செய்யறது உள்ளல்ல இருக்கு? மெஷினுக்கு ஊசி வரைக்கும் பொட்டு வக்கிறோம். இதுக்கு மட்டும் என்ன?"

அவர் சொன்னதில் தப்பில்லை. நம் வழக்கம் அதுதான். ஆயுதத்தைத் துடைத்து, வேலை செய்கிற இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டும். அதை வைக்க வேண்டியதும் நான்தான். விதவை என்பதால் நாத்தனார் பொட்டுக் கிண்ணத்தைத் தொடவே மாட்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, அவராகவே ஒதுங்கிக்கொள்வார். ஆகையால் சந்தனத்தைக் கரைத்துக் கிண்ணத்தை என் கையில் வைத்துவிட்டார்.

ராகு காலம் வருமுன் முடிக்க வேண்டும் என்று அவசரம். என் வீட்டுக்காரர் ஒரு சாமிப் பாட்டைப் போட்டு, பெட்டி நன்றாகப் பாடுகிறதா என்று பார்த்தார். பாட்டு முடிந்ததும் சுவிட்சை அணைத்தார். நான் பிளக்கைப் பிடுங்கினேன். எஞ்சினியர் திறக்கவே கூடாதென்ற பின்மூடியை அவர் திறந்தார். சூட்டில் சந்தன ஈரம் பட்டு வால்வுகள் விரிசல் விட்டுவிடக் கூடாதென்று, உள்ளேயே ஆறும்வரைகூடக் காத்திருக்காமல், துணியால் பிடித்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி இலையில் வைத்தார். கத்தரிக்காய் பறித்து வைத்த மாதிரி அவை கிடந்தன. பிறகு தட்டை வெளியே இழுத்தார்.

"வை புள்ள," என்றார் நாத்தனார்.

நான் நகரவில்லை. ஒரு கையில் சந்தனக் கிண்ணம், ஒரு கையில் பிளக். பிளக் என்னிடம் இருக்கிறது, கம்பி செத்துக் கிடக்கிறது, எல்லாம் தெரிகிறது. ஆனாலும் கால் வரவில்லை. பிள்ளையை வைத்துக்கொண்டு நான் அதைத் தொட மாட்டேன் என்றேன். நல்ல நாளும் அதுவுமாக இப்படிப் பேசுகிறாளே என்று நாத்தனாருக்குக் கோபம். வார்த்தை தடித்தது. வெள்ளைக்காரன் சொன்னது உனக்கு வேதமாகிவிட்டது, நாங்கள் சொல்வது கேட்கவில்லை என்றார். ஆமாம், அப்படித்தான் என்று நானும் சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கினார்.

"பயந்தாங்கொள்ளி. கொண்டா, நானே வக்கிறேன். நீ அந்தப் பிளக்கக் கெட்டியாப் புடிச்சுக்க."

பலகைமேல் குந்தினார். வால்வுகளுக்கு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்தார். இரும்புத் தட்டின் மேலே ஒன்று வைத்தார். அடியில்தானே கம்பியெல்லாம் இருக்கிறது என்று இடது கையால் தட்டைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, சந்தனம் தோய்ந்த வலது விரலை உள்ளே கொண்டுபோனார்.

சத்தம் பெரிதாக இல்லை. ஒரு சொடக்குப் போட்ட மாதிரி. அவர் அப்படியே பின்னால் தூக்கி எறியப்பட்டு, நிலைப்படியில் மண்டை மோத விழுந்தார். கிண்ணம் உருண்டு சந்தனம் தரையெல்லாம் ஓடியது. கண் திறந்திருந்தது, ஆனால் கருவிழியைக் காணவில்லை.

நான் என் கையைப் பார்த்தேன். பிளக் அங்கேதான் இருந்தது. அதன் பித்தளைக் கால்கள் என் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தன. சுவரைப் பார்த்தேன், சுவரில் ஒன்றும் இல்லை. எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது, ஒன்றும் புரியவில்லை. என் வாழ்நாளில் அதைப் போல ஒரு பயத்தை நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, அதற்குப் பின்னும் பட்டதில்லை. காவல் போட்ட இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் அது இருக்கிறது என்று தோன்றியது. தரையில், சந்தனத்தில், அவர் உடம்பில், எனக்குள்ளும்.

அதற்குள் நாங்கள் இரண்டு பேரும் அவர்மேல் விழுந்துவிட்டோம். நாத்தனார் தம்பி தம்பி என்று நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதார். நான் அவர் நெஞ்சைத் தேய்த்தேன், கன்னத்தில் அடித்தேன், என்னங்க என்னங்க என்று கத்தினேன். பக்கத்துக் கடைச் சீனர் ஓடிவந்து, பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசரைக் கூட்டிவர ஓடினார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. திடீரென்று தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தவர் மாதிரி ஒரு மூச்சு இழுத்தார். கருவிழி கீழே இறங்கியது. என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தார்.

"நீ தொட்டியா?"

இல்லை என்றேன். நம்பவில்லை. திரும்பத் திரும்ப அதையே கேட்டார். டிரெசர் வந்து மண்டைக் காயத்தைக் கட்டும்போதும் கேட்டார். மண்டையில் அடிபட்டதில் மூளை கலங்கியிருக்கிறது, நாளைக்குச் சரியாகிவிடும் என்று டிரெசர் சொன்னார். விரல் நுனியில் அரிசி அளவுக்கு வெள்ளையாக ஒரு சூடு, வேறு காயமில்லை. நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு, பிழைத்தது தெய்வச் செயல் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ராப்பகலாக அவர் மூக்கருகே கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தூக்கத்தில் புரண்டாலும் பதறினேன், புரளாவிட்டாலும் பதறினேன். பெட்டியை அப்படியே ஒரு சாக்கால் மூடி வைத்திருந்தோம். அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டுதான் குசினிக்குப் போவேன்.

அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும், வானொலிப் பெட்டி பழுது பார்க்கிற சீனர் ஒருவரைக் கிடங்கு முதலாளி அனுப்பி வைத்தார். வந்தவர் பெட்டியைப் பார்த்தார், நடந்ததைக் கேட்டார். வால்வைப் பிடுங்கினீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றோம். தலையை ஆட்டிக்கொண்டு, மலாயில் நிதானமாகச் சொன்னார். பெட்டிக்குள் கரண்டைச் சேர்த்து வைக்கிற டப்பாக்கள் இருக்கின்றன. பிளக்கைப் பிடுங்கினாலும் அவற்றில் கரண்டு நிற்கும். வால்வுகள் அதனதன் இடத்தில் இருந்தால், ஆறிக்கொண்டே அதைக் குடித்துத் தீர்த்துவிடும். சூட்டோடு சூடாக வால்வைப் பிடுங்கிவிட்டால் அதற்குப் போக வழியில்லை, அப்படியே காத்திருக்கும்.

காத்திருக்கும் என்று அவர் சொன்ன சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

நாங்கள் நம்ப வேண்டும் என்று அவர் செய்தும் காட்டினார். வால்வுகளை மாட்டி, பிளக்கைச் செருகி, சூடேற விட்டார். பிறகு பிளக்கைப் பிடுங்கி என்னிடமே கொடுத்தார். வால்வுகளைப் பிடுங்கினார். ஒரு சுருட்டைப் பற்றவைத்து நிதானமாகப் புகைத்தார். பாதிச் சுருட்டு ஆனதும், மரப்பிடி போட்ட திருப்புளியை எடுத்து, தட்டின் அடியில் இரண்டு இடத்துக்கு நடுவே குறுக்காக வைத்தார்.

டப் என்று நீலமாக ஒரு பொறி.

நாத்தனார் அலறிவிட்டார். நான் பிளக்கைத் தூக்கி எறிந்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். வாசலில் வேடிக்கை பார்த்த பக்கத்துக் கடைச் சீனர்கூட ஓர் அடி பின்னால் போனார். என் வீட்டுக்காரர் மட்டும் அசையவில்லை. திருப்புளி தட்டில் படுவதற்கு முன்பே அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். அதை நான் பார்த்தேன். நீ தொட்டியா என்று அவர் ஓயாமல் கேட்டதும் அப்போது நினைவுக்கு வந்தது.

சீனர் போனதும், நாத்தனார் காப்பி கலக்கக் குசினிக்குள் போனதும், என் வீட்டுக்காரர் எதிரில் போய் உட்கார்ந்தேன். உங்களுக்கு இது முன்னாலேயே தெரியும்தானே என்றேன். எதைக் கேட்கிறாய் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு அதையே திரும்பக் கேட்டேன். அதற்கு மேல் அவரால் மழுப்ப முடியவில்லை.

பூஜைக்குச் சில நாள் முன்பு, நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், பாடிக்கொண்டிருந்த பெட்டிக்குள் பல்லி புகுந்துவிட்டதென்று அவர் தனியாகத் திறந்திருக்கிறார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறந்தாராம். பல்லியை விரட்ட ஒரு வால்வையும் கழற்றியிருக்கிறார். கை உள்ளே போனதும் முழங்கை வரைக்கும் ஓர் உதை. பிளக் சரியாகப் பிடுங்கப்படவில்லை போல என்று தன்னைத் தானே சமாதானம் பண்ணிக்கொண்டாராம். ஆனாலும் அந்தச் சமாதானம் மனசுக்குள் முழுசாக இறங்கவில்லை. என்னிடம் சொன்னால் அன்றைக்கே பெட்டியைத் தெருவில் தூக்கி வைத்துவிடுவேன் என்று மறைத்துவிட்டார்.

"அப்புறம் எதுக்குங்க கிண்ணத்த வாங்குனீங்க?"

"அக்கா விட மாட்டாங்க. நீ ரோஷத்துல வச்சாலும் வச்சிருவ." விரல் நுனியில் இருந்த சூட்டைத் தடவிக்கொண்டே சொன்னார். "நா சிரிச்சேன்ல, அது சிரிப்பில்ல. எனக்கும் பயந்தான். பெட்டி வந்த நாள்லேர்ந்து பயந்தான்."

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. இத்தனை நாளும் நான் நடுங்கினேன், அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருந்தது நிஜம். ஆனால் பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்த ஆள் ஒருத்தராவது இந்த வீட்டில் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் நான் கண்ணை மூடித் தூங்கியிருக்கிறேன். அப்படி ஓர் ஆள் எங்கள் வீட்டில் எந்த நாளும் இருந்ததில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. காப்பியோடு வந்த நாத்தனார், தம்பி பிழைத்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து, என் முதுகைத் தடவி, அழு புள்ள, இப்பவாவது அழுது தீர்த்துடு என்றார். நானும் அதை மறுத்துச் சொல்லவில்லை.